அந்த உலக உருண்டையை விட்டுத் தொலையுங்கள்!

"லோகோவைப் பார்த்தவுடனே நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்பது எல்லாம் தெரிந்துவிட வேண்டும்." இந்த வாக்கியத்தை இனி எவர் வாயிலிருந்து கேட்டாலும் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். எல்லாம் தெரிய வேண்டுமென்றால் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொள்ளுங்கள் ஐயா. அதற்கு நான் எதற்கு?

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது குழாய் விற்கும் ஒரு நிறுவனத்திடம். உரிமையாளர் அனுப்பிய குறிப்பை அப்படியே சொல்கிறேன். நடுவில் ஓர் உலக உருண்டை வேண்டுமாம். பிற்காலத்தில் ஏற்றுமதி செய்யும் எண்ணம் இருக்கிறதாம். அதைச் சுற்றிப் பல்சக்கரம், தொழில்நுட்பத்துக்காக. மேலே ஒரு நீர்த்துளி. இரண்டு பக்கமும் இலைகள், சுற்றுச்சூழல் மீது அக்கறையாம். உருண்டையின் மேலேயே கைகுலுக்கும் இரண்டு கைகள், நம்பிக்கைக்காக. அடியில் வளைத்து எழுதிய தொடக்க ஆண்டு. இத்தனையும் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்: "மற்றபடி எளிமையாக இருந்தால் போதும்."

இத்தனை கேட்டவர் குழாயை மட்டும் மறந்துவிட்டார். நானும் நினைவூட்டவில்லை.

சரி, வாயால் சொன்னால் புரியாது, கண்ணால் பார்க்கட்டும் என்று அவர் கேட்டபடியே ஒன்றை வரைந்து, இணைய உலாவியின் தாவலில் (tab) வரும் குட்டிப் படத்தின் அளவுக்குச் சுருக்கி அனுப்பினேன். அந்த இடத்துக்கான வழக்கமான சின்ன அளவு 16 திரைப்புள்ளி (பிக்சல்) அகலம், 16 புள்ளி உயரம். மொத்தம் 256 புள்ளிகள். அதற்குள் உருண்டையும் சக்கரமும் இலையும் விரல்களும் நசுங்கிய ஈயைப் போல அப்பிக்கொண்டு கிடந்தன. பார்த்துவிட்டு உடனே பதில் போட்டார்: "சின்னதாகத் தெரிகிறது, கொஞ்சம் பெரிதாக்குங்கள்." உலாவியின் தாவலை நான் எப்படிப் பெரிதாக்குவது?

இதெல்லாம் பெரிய நிறுவனங்களே ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் லோகோவை 1976-இல் ரொனால்ட் வெய்ன் வரைந்தார். மரத்தடியில் நியூட்டன், தலைக்கு மேல் ஆப்பிள், சட்டத்தைச் சுற்றிக் கவிதை வரி வேறு. சிறிதாக்கினால் ஒன்றும் விளங்காது. அடுத்த ஆண்டே அதைத் தூக்கிவிட்டு ராப் ஜானாஃப் வரைந்த கடித்த ஆப்பிளை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடிக்குத்தான் எத்தனை கட்டுக்கதைகள்! சின்ன அளவில் செர்ரிப் பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்ததாக வரைந்தவரே சொல்லியிருக்கிறார். அந்த லோகோவில் கணினி எங்கே இருக்கிறது? காலணி விற்கும் நைக்கியின் லோகோ ஒரு வளைந்த கோடு, அதில் செருப்பு இருக்கிறதா? பிரிட்டனில் முதன்முதலாக 1876-இல் பதிவான வணிகச் சின்னம் ஒரு பீர் நிறுவனத்துடையது. வெறும் சிவப்பு முக்கோணம். பீப்பாயும் இல்லை, நுரையும் இல்லை.

லோகோவின் வேலை ஆளை அடையாளம் காட்டுவது. தொழிலை விவரிப்பது அல்ல என்று புகழ்பெற்ற அமெரிக்க லோகோ வடிவமைப்பாளர் பால் ராண்ட் எழுதியே வைத்துவிட்டுப் போய்விட்டார். நிறுவனம் ஒழுங்காக நடந்தால் அதன் மதிப்பு லோகோவுக்கு வந்து சேரும். ஒழுங்காக நடக்கவில்லையென்றால் கைகுலுக்கும் படம் போட்டு நம்பிக்கையை வரவழைக்க முடியாது. அதோடு, போட்டி நிறுவனத்துக்காரர்களும் இதே உருண்டையைத்தானே வைத்திருக்கிறார்கள்? எல்லோரிடமும் இருப்பது எப்படி உங்கள் அடையாளம் ஆகும்? நாளைக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்யப் போனாலும் தனித்தன்மை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கட்டணப் பேச்சு வந்தால் மட்டும் எல்லோருக்கும் வரலாறு தெரிந்துவிடுகிறது. "நைக்கி லோகோவே 35 டாலர்தானாமே?" ஆமாம். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்கு அவ்வளவுதான் கொடுத்தார்கள். அதே நிறுவனம் 1983-இல் அவரைக் கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்த மீதிக் கதையை யாரும் என்னிடம் சொல்வதில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்காக 1986-இல் பால் ராண்டிடம் போனபோது, அவர் ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு லோகோவைத்தான் கொடுத்தார். இன்னும் நாலு மாதிரி காட்டுங்கள் என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. நான் பால் ராண்ட் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மாதிரிகளையெல்லாம் குடும்பத்துக் குழுவில் போட்டு வாக்கெடுப்பு நடத்துகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மைத்துனருக்கு முதலாவதின் எழுத்து பிடித்திருக்கிறதாம், கணக்கருக்கு மூன்றாவதின் நிறமாம், மகளுக்கு ஊதாதான் பிடிக்குமாம், எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கித் தர வேண்டுமாம். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். லோகோ வரைய முடியாது.

செயலியில் இலவசமாக ஒரு நிமிடத்தில் வருகிறதே என்பவர்களுக்கு: வாங்கிக்கொள்ளுங்கள். அதே படம் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று மட்டும் தேடிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் தாண்டி ஒரு லோகோ முடிந்து கைமாறுகிறது என்று வையுங்கள். உண்மையான வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு, கறுப்பு வெள்ளைக்குத் தனி, அடர்நிறப் பின்னணிக்குத் தனி, அச்சுக்குத் தனி, திரைக்குத் தனி என்று பெயரெழுதி, உறை போட்டுக் கொடுக்கிறேன். "திறக்க மாட்டேன் என்கிறது" என்று ஒரு வரி வருகிறது. உங்கள் கைப்பேசியில் அது திறக்காது, அச்சகத்தாரிடம் அப்படியே அனுப்புங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன். கேட்டால்தானே! என் செய்தியில் இருந்த முன்னோட்டப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத்தான் அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

போன மாதம் ஒருவர் தன் வண்டியைப் படமெடுத்து அனுப்பினார். நீல வண்டியில் வெள்ளைக் கட்டத்தோடு ஒட்டப்பட்ட லோகோ. அகலம் போதவில்லையென்று இரண்டு பக்கமும் இழுத்ததில் என் வட்டம் முட்டையாகிவிட்டது. ஓரமெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்திருக்கிறது. பளிச்சென்ற பச்சை, பாசி நிறத்தில் இறங்கியிருக்கிறது. திரையில் ஒளி கலந்து உண்டாகும் சில நிறங்களை அச்சு மையால் எட்டவே முடியாது, அதனால்தான் அச்சுக்கென்று தனி நிறக் கோப்பு தந்திருந்தேன். அது உறை பிரிக்கப்படாமல் அவருடைய மின்னஞ்சலில் இன்னும் தூங்குகிறது. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது: "நீங்கள் கொடுத்த லோகோ சரியில்லை. வேறு அனுப்புங்கள்."

அதே கோப்பைத்தான் மறுபடி அனுப்பினேன். இனிமேல் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கூடுதலாக இருக்கும். கருத்துச் சொல்ல ஒரே ஒரு ஆள், அவர் பெயர் முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை அச்சுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தால் அதற்குத் தனிக் கட்டணம், முன்பணமாக.