எக்கோ எழுதிவிட்டு என்னைக் கேச் அழிக்கச் சொல்லாதீர்கள்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸுக்கு ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) வாங்கினேன். அது சரியாக வேலை செய்யவில்லை என்று விற்றவர்களுக்கு எழுதினால் மறுபடியும் அதே பதில்: "கேச் அழித்துப் பாருங்கள்." ஐயா, சேமித்து வைத்த பழைய நகல்களையெல்லாம் அழித்தாயிற்று. பிரவுசரில் அழித்தேன், சர்வரில் அழித்தேன், வேறு போனிலும் திறந்து பார்த்தேன். விலை அட்டவணை இன்னும் பக்கத்தின் உச்சியில்தான் நிற்கிறது.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் தளம். 'இன்றைய ஏலம்', 'முந்தைய ஏலம்' என்று இரண்டு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஷார்ட்கோட், அதாவது அந்த இடத்தில் அட்டவணையைக் கொண்டுவரும் சதுர அடைப்புக்குறிச் சொல். உச்ச விலையையும் சராசரி விலையையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. காசு கொடுத்து வாங்கிய பிளகின் இரண்டு அட்டவணையையும் அறிமுகப் பத்திக்கும் மேலே கொண்டுபோய் அடுக்கிவிட்டது. தலைப்புகளுக்குக் கீழே ஒன்றுமில்லை. எது இன்றைய விலை என்று கேட்டு வண்டன்மேட்டிலிருந்தும் நெடுங்கண்டத்திலிருந்தும் தோட்டக்காரர்கள் போன் போடுகிறார்கள். பழைய விலையை நம்பி ஒருவர் சரக்கைக் கொடுத்துவிட்டால் அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு?

பிளகின் கோப்பைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது: எக்கோ, அதாவது வேர்ட்பிரஸின் நிரல்மொழியான பிஹெச்பியில் உடனே அச்சிடும் கட்டளை. ஷார்ட்கோட் பங்ஷன் (அதை இயக்கும் நிரல் துண்டு) எதையும் தானாக அச்சிடக் கூடாது, ரிட்டர்ன் செய்ய வேண்டும், அதாவது வேர்ட்பிரஸிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் பதிவு முழுவதையும் தயார் செய்த பிறகுதான் வெளியிடும். நடுவில் எக்கோ போட்டால் அது முந்திக்கொண்டு மேலே வந்துவிடும். 2008-இல் 2.5 பதிப்போடு ஷார்ட்கோட் வந்தது. ரிட்டர்ன் செய்யச் சொல்லி ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எக்கோவை விட மனமில்லை என்றால் முதலில் அச்சாவதைப் பிடித்து வைக்கும் ஓபி ஸ்டார்ட், கடைசியில் பிடித்ததை எடுத்துத் தரும் ஓபி கெட் கிளீன், அதை ரிட்டர்ன் செய்தால் முடிந்தது. விற்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

எந்த வரியில் தப்பு என்று குறிப்பிட்டே எழுதினேன். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமைக் காட்டி, "உங்கள் தீமில் பிரச்சினை" என்றார்கள். வேர்ட்பிரஸோடு வரும் தீமுக்கு மாற்றிக் காட்டினேன், அப்போதும் அதே கதி. உடனே ஒரு பிடிஎஃப் அனுப்பி, அதிலுள்ள மாதிரி ஷார்ட்கோடை அப்படியே ஒட்டச் சொன்னார்கள். அதில் இருந்தவை எல்லாம் வளைந்த மேற்கோள் குறிகள்! நேர்க்குறி இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் அந்த வளைவையும் மதிப்போடு சேர்த்தே படிக்கும். அட்டவணையே காலி. அதையும் எடுத்துச் சொன்னேன். வந்த பதில்? கேச் அழியுங்கள்.

ஒருவர்கூட அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அப்புறம் இந்தப் பிளகின் தளத்தில் காட்டும் தேதி! பிஹெச்பியின் டேட் பங்ஷன் வேர்ட்பிரஸுக்குள் யூடிசி நேரத்தைத்தான் தரும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். அதை அப்படியே போட்டிருக்கிறார்கள். காலை 5.30 வரை தளத்தில் நேற்றைய தேதிதான். போடிமெட்டு ஏறும் தோட்ட ஜீப்புகள் அதற்கு முன்பே கிளம்பிவிடும், போகிறவர்கள் போனில் பார்ப்பது தப்பான தேதி. இதற்காகவே வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பில், தளத்தின் நேரப்படி தேதி தரும் டபிள்யூபி டேட் கொடுத்துவிட்டார்களே! திருத்திக் கொடுங்கள், முடியாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுங்கள்.