துணிப்பை தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்

ஈரோட்டில் பை தைக்கும் யூனிட் நடத்துகிறேன். அதனால் கல்லூரிகளில் தொழில் யோசனைப் போட்டி நடந்தால் என்னையும் நடுவராகக் கூப்பிடுவார்கள். துணிப்பை யோசனை வராத போட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. பிளாஸ்டிக்குக்கு மாற்றாகத் துணிப்பை, அதில் அழகான வாசகம், ஒரு லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம், ஒரு பை 80 ரூபாய். பிள்ளைகளின் அக்கறை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட எல்லா அணிகளும் பையிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். கடையிலிருந்து யோசிப்பவர்கள் அபூர்வம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால், பீரோ மேலே, சமையலறை ஆணியில் தொங்குவதையெல்லாம் சேர்த்தால் எத்தனை பை இருக்கும்? கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலையோடு கொடுத்த தாம்பூலப் பை, தீபாவளிக்கு ஜவுளிக்கடை கொடுத்த கட்டைப்பை, நகைக்கடைப் பை, ஏதோ கருத்தரங்கில் கொடுத்த ஜோல்னாப் பை. தமிழ்நாட்டு வீடுகளில் பைக்குப் பஞ்சமே இல்லை. ஆபீஸ் முடிந்து வரும் வழியில் தக்காளி வாங்க வண்டியை நிறுத்தும்போது அந்தப் பைகளில் ஒன்றுகூடக் கையில் இருப்பதில்லை. பிரச்சினை அங்கே இருக்கிறது. இன்னொரு அழகான பையைத் தைத்து விற்றால் அதுவும் அதே ஆணியில்தான் போய்த் தொங்கும்.

2018 ஜூன் 5 அன்று அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பர் 23இல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பட்டிக்காட்டான் என்று கேலி பேசிய காலம் இருந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்கியது சின்ன வேலை இல்லை. அப்புறம் 2022இல் கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை வரும் இயந்திரத்தை வைத்தார்கள். நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்த இயந்திரத்தை அல்ல, அதை வைத்த இடத்தை. பை இல்லாமல் மனிதன் எங்கே தவிக்கிறானோ அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, ஸ்லைடு தயாரிக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். எங்கள் ஊரில் என்றால் சம்பத் நகர் சந்தை. வாங்க வருபவர்களில் நிறையப் பேர் வீட்டிலிருந்து பெரிய பையோ ஒயர் கூடையோ கொண்டுவருகிறார்கள். ஆனால் அந்தப் பைக்குள்ளே எட்டிப் பார்த்தால் கவர், கவராக இருக்கும். தக்காளி நசுங்கக் கூடாது என்று ஒரு கவர், பச்சை மிளகாய்க்கு ஒன்று, ஈரம் சொட்டும் கொத்தமல்லிக்கு ஒன்று, இஞ்சிக்கு ஒன்று. பெரிய பை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது உள்ளே போடும் சின்னப் பை. போட்டிக்கு வரும் அணிகளோ பெரிய பையையே கொண்டுவருகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் விற்பவரின் கையைப் பாருங்கள். இடது கை விரல்களால் கவரின் வாயை விரித்துப் பிடிக்கிறார், வலது கையால் தராசுத் தட்டைச் சாய்க்கிறார், காய் உள்ளே விழுந்துவிடுகிறது. ஒரு நொடி வேலை. அதே இடத்தில் தொளதொளவென்ற துணிப்பையை நீட்டினால் அதன் வாய் மூடிக்கொள்கிறது. பிடிக்க ஒரு ஆள், கொட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பின்னால் நாலு பேர் காத்திருக்கும் நேரத்தில் எந்த வியாபாரி இதை விரும்புவார்? சந்தையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, “கவரு இல்லீன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க கண்ணு, நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், வாய்ப்பக்கத்தில் அகலமாக மடித்துத் தைத்து, ஒரு கையில் பிடித்தாலும் விரிந்து நிற்கும் பை வேண்டும். எடை குறைவான வலைத்துணியாக இருந்தால் உள்ளே இருப்பது என்ன என்று வெளியே தெரியும், காற்றும் போகும், கீரை வேகாது. ஐந்தாறு சின்ன வலைப்பைகளைச் சுருட்டி, கைக்குட்டை அளவுள்ள ஒரு உறைக்குள் போட்டு, வண்டி டிக்கியில் எப்போதும் கிடக்கும்படி செய்தால் அதை வாங்க ஆள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை யாராவது செய்யுங்கள். எனக்கு ராயல்டி எல்லாம் வேண்டாம்.

கறிக்கடை விஷயம் தனி. துணியில் கறி வாங்க முடியாது, ரத்தம் சொட்டும். மீனும் அப்படியே, இட்லி மாவும் அப்படியே. எங்கள் பக்கம் தூக்குப்போசியோடு கறி வாங்கப் போகும் பழக்கம் இருந்தது, இன்னும் சில பெரியவர்களிடம் இருக்கிறது. இங்கே பை விற்கப் பார்ப்பதைவிட, மூடி போட்ட பாத்திரத்தை முன்பணம் வாங்கிக் கொடுத்துத் திரும்பப் பெறும் ஏற்பாடு செய்யலாம். இதையும் மாணவர்கள் யோசிக்கலாம். ‘நாங்கள் பை கம்பெனி, பாத்திரம் எங்கள் வேலை இல்லை’ என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

சட்டம் தெரியாமல் வருகிறவர்கள் நிறைய. ‘நான் ஓவன்’ (non-woven, அதாவது நெய்யாத) பையைத் துணிப்பை என்று நம்பி மாதிரி செய்து கொண்டுவருகிறார்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும், விலையும் மலிவு, பிரிண்டும் பளிச்சென்று விழும். ஆனால் அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் நான் ஓவன் கைப்பைகளும் இருக்கின்றன. மத்திய அரசின் விதி வேறு. அங்கே சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாத நான் ஓவன் பைகளுக்கு அனுமதி உண்டு. இணையத்தில் மத்திய விதியை மட்டும் படித்துவிட்டு இங்கே தொழில் தொடங்கினால் சரக்கைப் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் வரும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் இழை என்றால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

சரி, பருத்தியிலேயே தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோமனூர், பல்லடம் பக்கமிருந்து வரும் காடாத் துணிதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. சாயம் போடாத, வெளுக்காத துணி. டிசைன் செய்யும் பிள்ளைகள் கணினியில் பையின் அளவைத் தீர்மானித்துவிட்டு அப்புறம்தான் துணி வாங்கப் போகிறார்கள். அது தலைகீழ். துணியின் அகலத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 48 அங்குல அகலத் துணியில், தையலுக்கும் சேர்த்து 16 அங்குலம் வைத்தால் குறுக்கே மூன்று துண்டு சரியாக வரும். பார்க்க அழகாக இருக்கிறது என்று 17 வைத்தால் இரண்டுதான் வரும், 14 அங்குலம் மிச்சம் விழும். அதைக் கைப்பிடிக்கு எடுக்கலாம், ஆனால் அவ்வளவு கைப்பிடி யாருக்கு வேண்டும்? ஒரு அங்குல ஆசையில் லாபம் முழுக்கக் கட்டிங் டேபிளிலேயே போய்விடும்.

பை கிழிவது துணியில் அல்ல, பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில். அங்கே ஒரு ஓட்டுத் தையல் போட்டு விட்டால் ரெண்டு கிலோ வெங்காயத்துக்கே பிய்ந்துவிடும். சதுரமாகப் பெட்டித் தையல் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு தையல் ஓட்ட வேண்டும். உள்ளே ஓரங்களுக்கு ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றி நூல் ஓடும் தையல்) வேண்டும், இல்லாவிட்டால் நான்கு துவையலில் நூல் பிரியும். காடாத் துணி முதல் துவையலில் சுருங்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். மஞ்சள் நிறம் வேண்டும் என்பவர்கள் சாயம் போகாததாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். நனைந்த பையிலிருந்து மஞ்சள் இறங்கி ஒரு நல்ல சட்டை பாழானால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். இயற்கைச் சாயம் என்று விரலி மஞ்சளிலேயே தோய்த்துக் கொண்டுவந்த ஒரு அணியின் முயற்சி எனக்குப் பிடித்தது, ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும்.

தையலைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. பருத்திப் பை என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக வருவதற்கு ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கண்டார்கள். பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், பிறகு நூற்பு, நெசவு என்று எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட பை நம்மூர் மெல்லிய காடாப் பையைவிடக் கனமானது, அதனால் எண்ணிக்கை இங்கே அப்படியே பொருந்தாது. சாக்கடையை அடைக்கும் கவரும் மாட்டின் வயிற்றுக்குள் போகும் கவரும் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்கு அவைதான் பெரிய விஷயம். ஆனாலும், பை நூறு தடவைக்கு மேல் கடைக்குப் போய் வர வேண்டும் என்பது நியாயமான இலக்கு. ஐந்தாறு தடவையில் கைப்பிடி பிய்கிற பையைச் ‘சுற்றுச்சூழலின் நண்பன்’ என்று அச்சடித்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செலவுக் கணக்கில் துணியையும் பிரிண்டையும் மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நூல், கட்டிங், கழிவுத் துண்டு, தேய்ப்பு, போக்குவரத்து, தையல் தவறி ஒதுக்கும் பைகள், கடனாகக் கொடுத்த சரக்கு எல்லாம் செலவுதான். “பொங்கல் முடியட்டும், தர்றேன்” என்று கடைக்காரர் சொன்னால் அதுவரை துணிக்காரருக்கு யார் பணம் கொடுப்பது? லாபம் குறைகிறது என்று தெரிந்ததும் அணிகள் முதலில் கை வைப்பது தையல் கூலியில். பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் போதும் என்பார்கள். அந்த ஒரு ரூபாய், மெஷினில் குனிந்து உட்கார்ந்து முதுகு வலியோடு தைக்கும் பெண்களின் வீட்டுப் பால் செலவு. மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வாய்ப்பு தருகிறோம் என்று ஸ்லைடில் போட்டால் அவர்களுக்கு நியாயமான கூலியும் அதே ஸ்லைடில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்து மதிப்பெண் போட்டதில்லை, இனியும் போடமாட்டேன்.

எனக்கு ரொம்ப நாளாக ஆசையாக இருக்கும் யோசனை ஒன்று இருக்கிறது. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில்களுக்கு 2022இல் ஒரு திட்டம் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் பெருமளவில் கடைக்கே திரும்பின. இதையே ஒரு சந்தைக்குள் பைக்குச் செய்தால் என்ன? முன்பணம் கொடுத்துப் பை எடுத்துப்போகலாம், அடுத்த முறை எந்தக் கடையில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். பாட்டிலுக்கும் பைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காலி பாட்டில் வீட்டில் யாருக்கும் வேண்டாம், பை உபயோகப்படும், அதனால் சிலர் வைத்துக்கொள்வார்கள். முன்பணம் பையின் அடக்க விலைக்குக் குறையாமல் இருந்தால் அதில் நஷ்டம் இல்லை. துவைப்பது, ஆளுக்குச் சம்பளம், கடைகளுக்குள் கணக்குத் தீர்ப்பது, இவைதான் உண்மையான சிக்கல். மாணவர்கள் மூளையைச் செலவிட வேண்டிய இடமும் அதுதான்.

இதற்குப் புதுப் பை தைக்கக்கூட வேண்டியதில்லை. வீடு வீடாக ஆணியில் தொங்கும் தாம்பூலப் பைகளைச் சேகரித்து, துவைத்து, பிய்ந்த கைப்பிடியை மாற்றி, ஒரே மாதிரி அடையாளப் பட்டி தைத்துச் சந்தைக்குள் விட்டால் போதும். பை தைத்துப் பிழைக்கும் நானே இதைச் சொல்கிறேன். இதனால் என் ஆர்டர் குறைந்தாலும் பரவாயில்லை.

போட்டி நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பரிசாகக் கேடயமும் காசோலையும் கொடுப்பதற்குப் பதிலாக, ஜெயித்த அணிக்கு இருநூறு பைக்கான துணியும், உங்கள் வளாகக் கேன்டீனில் ஒரு மூலையும், ஒரு செமஸ்டர் அவகாசமும் கொடுங்கள். பிளாஸ்டிக்கை ஒழித்துக் காட்டும் கல்லூரிகளுக்கும் அரசு மஞ்சப்பை விருது கொடுக்கிறது. முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். அந்த அணிக்கு முதல் வாடிக்கையாளராக நீங்களே இருக்கலாம். செமஸ்டர் முடிவில் எத்தனை பை விற்றது என்று கேட்க வேண்டாம், எத்தனை பை எத்தனை முறை திரும்பி வந்தது என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள். கட்டிங் பார்க்க, தையல் கற்றுக்கொள்ள எங்கள் யூனிட்டுக்கு யார் வந்தாலும் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் எனக்கும் நேரம் இருக்கும்.