ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே இருப்பவர்கள்

பண்டிகை நெருங்கினால் மத்திய சிறைகளிலிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்குக் கேக், ரமலானில் நோன்புக் கஞ்சி, பெருநாளன்று பிரியாணி, தீபாவளிக்கு இனிப்பு. கண்காணிப்பாளருக்கு ஒரு சால்வை, கைதிகளுக்கு ஓர் ஆன்மிக உரை. இவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மனு போட்டுப் பார்க்கக்கூட ஆள் வராத ஒருவனிடம், வெளியிலிருந்து வந்தவர் பெயர் கேட்டுப் பேசுவதே பெரிய காரியம்தான். ஆனால் இத்தனை பேர் உள்ளே போய் வருகிறார்களே, "ஜாமீன் கிடைத்தும் வெளியே போக முடியாமல் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று ஒருவராவது கேட்கிறாரா? அவர்களுக்குப் பிணை நிற்கவும் தர்மப் பணத்தைச் செலவிடவும் வழிபாட்டுத் தலங்கள் முன்வர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். "குற்றவாளிக்கு எதற்கு தர்மப் பணம்?" என்று கேட்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் போன் செய்ததும் வீட்டில் அழுகை நிற்கும். அலைச்சல் அதற்குப் பிறகுதான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், பல நேரங்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். ஆதார் நகல், புகைப்படம், வீட்டு வரி ரசீது, சில இடங்களில் தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்று. சித்தாள் வேலைக்குப் போகிறவனுடைய அண்ணனும் வாடகை வீட்டில்தானே இருப்பான்? ரசீதுக்கு எங்கே போவான்? ரசீது வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் "அவன் வாய்தாவுக்கு வராமல் போனால் என் தலையில் விழுமே" என்று நழுவுகிறார். அவர் பயமும் பொய்யில்லை, பிணைத்தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். இந்தச் சந்தில்தான் நீதிமன்ற வாசலில் கூலிக்குக் கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரர்கள் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கவும் வழியில்லாதவன், ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் உள்ளேயே கிடக்கிறான்.

இது புதிய கதையுமில்லை. மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்கு ஜாமீன் உண்டு, ஆனால் 10,000 ரூபாய்க்குப் பிணை வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி பிணை நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுப்பு. நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அப்போது 10,000 ரூபாய் ஒரு கொத்தனாருக்கு என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முஸ்லிம். அதனால் முதலில் என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கட்டாயத் தர்மமான ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. அடிமைத் தளையிலிருந்து விடுவிப்பதும், கடனில் மூழ்கியவரைக் கரையேற்றுவதும் அந்த வரிசையில் உண்டு. இன்றைய விசாரணைக் கைதி அதில் அடங்குவானா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இருக்கட்டும், விரும்பிச் செய்யும் தர்மமான ஸதகாவுக்கு அந்தத் தடையும் இல்லை. 76ஆம் அத்தியாயத்தில் ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்போரைப் புகழும் வசனம் வருகிறது. அன்று முஸ்லிம்களிடம் சிறைப்பட்டிருந்தவர்கள் இணைவைப்போர் என்று விரிவுரையாளர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் "நம்ம ஆளா?" என்ற கேள்விக்கு அங்கே இடம் எது?

முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா சட்ட உதவி செய்யவில்லையா என்பீர்கள். செய்கிறது, பெருமைதான். குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் மூவர் மரண தண்டனை பெற்றவர்கள். அப்படிப்பட்ட பெரிய வழக்குகளுக்கு அமைப்பு வரும், பத்திரிகை வரும். செல்போன் திருட்டு வழக்கில் உள்ளே போன பையனுக்கு யார் வருவார்கள்?

"சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்கிறது மத்தேயு நற்செய்தி. கிறிஸ்தவ நண்பர்கள் அதை எங்களைவிட ஒழுங்காகவே செய்கிறார்கள். 1981இல் கேரளத்தில் தொடங்கிய கத்தோலிக்கச் சிறைப்பணி இயக்கம் விடுதலையாகி வருவோருக்கு இல்லங்கள்கூட நடத்துகிறது. ஆனால் இந்தப் பதிவை எழுதும்போது எனக்கு நினைவில் நிற்பவர் நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. ஜார்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்ட ஆதிவாசி இளைஞர்களின் வழக்கு விவரங்களைத் திரட்டி, உயர் நீதிமன்றம் வரை போனவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் அவரே கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழாய் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்லவே 20 நாள் அவகாசம் கேட்டது தேசியப் புலனாய்வு முகமை. மும்பை அருகே தலோஜா சிறையில் அவருக்குச் சாப்பிட உதவியதும் குளிக்க உதவியதும் அதே வழக்கில் முன்பே கைதாகியிருந்தவர்கள். அங்கிருந்து எழுதிய கடிதத்திலும், தங்கள் மீது என்ன வழக்கு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காமல், ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஏழைக் கைதிகளைப் பற்றித்தான் சொன்னார். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் வார்த்திகன் கதை வருகிறது. அரசனுக்குரிய புதையலை எடுத்துக்கொண்டான் என்று காவலர்கள் அவனைப் பொய்யாகச் சிறையில் தள்ளுகிறார்கள். அவன் மனைவி அழுது புலம்ப, கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்துவிடுகிறது. பாண்டியன் விசாரித்து, மன்னிப்புக் கேட்டு, ஊர்களைத் தானமாகக் கொடுத்து விடுவித்த பிறகே கதவு திறக்கிறது. கூடவே மற்றச் சிறைகளையும் திறந்துவிடச் சொல்கிறான். நம் கோயில் கதவுகள் நல்ல வேளையாக அவ்வளவு ரோஷக்காரக் கதவுகள் இல்லை.

இனி செய்ய வேண்டிய வேலைக்கு வருகிறேன். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, யார் யார் வெளியே வரவில்லை என்ற விவரம் அந்த அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டமும் உண்டு. 2023இல் வகுத்த விதிப்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று இருந்தது. ஆனால் அரசு பணம்தான் தரும், பிணை நிற்க மனிதர்தான் வர வேண்டும். அந்த மனிதர்கள் ஜும்ஆவிலும் ஞாயிறு ஆராதனையிலும் பிரதோஷத்திலும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டு வரி ரசீதோடு. ஆள் ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, பிணைத்தொகையை ஏற்கும் பொது நிதி ஒன்றை நிர்வாகம் ஒதுக்கி வைத்தால் போதும்.

எங்கள் பகுதி ஜமாஅத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் "நல்ல யோசனை" என்றார்கள். யார் ரசீதைக் கொடுப்பது என்று கேட்டதும் தேநீர் வந்துவிட்டது. என்னுடையதைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த மதமானாலும் சரி, சொந்த வீடும் ஒரு நாள் நீதிமன்றத்தில் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்ததும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரை நேரில் பார்த்துவிடலாம்.