வேலை செய்துகொண்டே படித்தாலும் உதவி உண்டு

தம்பி, "பகுதிநேரமாகவோ தொலைநிலைக் கல்வியிலோ படித்தால் ஒரு காசு உதவி கிடைக்காது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. மலேசிய அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் கடனுக்கு அப்படிப் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்புக் கணக்கான எஸ்எஸ்பிஎன் கணக்கும் வேண்டும்.

அதைவிட, இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மறந்தே விட்டீர்கள். அதில் முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்ததற்கு 2024 மே முதல் செஜாத்ரா கணக்கு என்று பெயர். அதிலிருந்து டிப்ளோமா, பட்டப்படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாம், பகுதிநேரமானாலும் சரி. அப்பா அம்மாவின் கணக்கிலிருந்தும் பிள்ளைக்காக எடுக்கலாம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் பிள்ளைகள் உங்கள் பதிவை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது. தயவுசெய்து திருத்திவிடுங்கள். அப்புறம், படிப்பவர்கள் சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண ரசீதையும் பத்திரமாக வையுங்கள், இபிஎப்பில் கேட்பார்கள்.