கைப்பேசி வீடியோ செல்லாது என்பது சரியல்ல

ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிளை உரசுவதுபோல் முந்திய வேனின் வீடியோவை அந்த வேனை இயக்கும் நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, ‘கைப்பேசி வீடியோ சாட்சியமே ஆகாது’ என்று இங்கே சிலர் பதில் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல, நண்பர்களே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் (Bharatiya Sakshya Adhiniyam) 63ஆம் பிரிவு, பதிவு எந்தக் கருவியில் எப்படி உருவானது என்று உறுதிசெய்யும் உரிய சான்றிதழோடு தரப்படும் மின்னணுப் பதிவை நீதிமன்றமே ஏற்க வழிசெய்கிறது. அதற்கு முன்பிருந்த பழைய இந்திய சாட்சியச் சட்டத்திலும் 65பி பிரிவு இதற்காகவே இருந்தது. நிறுவனம் தன் ஓட்டுநரை அழைத்து விசாரிக்க அந்தச் சான்றிதழ்கூட வேண்டியதில்லை. ‘இந்தியா கோட்’ என்ற அரசு இணையதளத்தில் சட்டத்தின் பெயரைத் தேடினால் பிரிவை முழுமையாகப் படிக்கலாம். ஐந்து நிமிட வேலை. மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிய பிரதியில் வண்டி எண்ணே மங்கிப்போகலாம்.