நம்ம இசக்கி யூடியூப்பில் இல்லை

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. ராத்திரி வில்லடியில், அதாவது வில்லுப்பாட்டில், இசக்கியம்மன் கதை ஓடிக்கொண்டிருந்தது, பாடின பையனுக்கு நல்ல சாரீரம், வீசுகோல் வில்லில் விழுகிற வேகமும் குறை சொல்ல முடியாதது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெரியம்மை என் காதில் சொன்னாள், "இது நம்ம இசக்கி இல்ல மக்கா, யாருக்க ஊரு கதையையோ பாடுகான்."

கவனித்தால் உண்மைதான். கதையின் கடைசியில் அம்மன் எந்த வழியாக வந்து, எந்தக் குளத்தங்கரையில் இறங்கி, யார் கண்ணில் பட்டு எங்கள் ஊரில் நிலையம் கொண்டாள் என்று ஒரு பகுதி வரும். அதைத்தான் கிழவிகள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். பையன் பாடியதில் அது இல்லவே இல்லை. முப்பந்தல் ஊர் இசக்கி வேறு, எங்கள் இசக்கி வேறு, இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டீ குடிக்கும்போது கேட்டேன். யூடியூப் பார்த்துப் படித்தானாம். "நிறைய பேரு பாத்த வீடியோண்ணே அது, அதத்தான் எல்லா ஊர்லயும் கேக்காவ."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முன்பு கதை ஏட்டில் இருந்தது, ஏடு பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவி வீட்டுப் பெட்டியில் இருந்தது, வேண்டியவர்களுக்குத்தான் பெட்டி திறக்கும். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போனைப் பார்த்துப் படிக்கலாம், பொம்பளைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நல்ல விஷயம். குவைத்தில் இருக்கும் என் தம்பி கொடையை லைவில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். சரி, குடத்தின் அந்த அடிச்சத்தம் போன் ஸ்பீக்கரில் தகர டப்பாவாகத்தான் கேட்கும், அதுகூடப் போகட்டும்.

வெட்டிச் சுருக்குவது புதுசும் இல்லை. ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் வில்லை மேடைக்குக் கொண்டுபோனார், 1984-ல் நாகர்கோவிலுக்கு வானொலி நிலையம் வந்தது, அப்புறம் கேசட். ராத்திரி முழுக்கப் பாடுகிற கதையை இதற்கெல்லாம் தக்கபடி குறைக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கேசட்டின் முதுகில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதியிருக்காது. இப்போது எண்ணிக்கை அதிகமுள்ள பாட்டு சரியான பாட்டாகிவிட்டது, ஊர்ப்பாட்டைப் பாடுகிறவனுக்குக் கீழே "தப்பா பாடுறாரு" என்று கமெண்ட் வருகிறது. யாருக்குத் தப்பு?

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. சாமியை அழைக்கிற வரத்துப் பாடி சாமி வருகிற அந்த அரை நிமிஷத்தை மட்டும் நாற்பது பேர் எடுத்து நாற்பது ரீல் போடுகிறார்கள். ஒன்றிலாவது கதை பாடுகிற புலவர் பெயர் உண்டா? குடம் அடித்தவர், உடுக்கு அடித்தவர், ஊர், கோயில், எதுவும் கிடையாது. "கெத்து", "மாஸ்" என்று எழுதி, மேலே சினிமாப் பாட்டு வேறு. போனைத் தூக்குகிறவர்கள் தயவுசெய்து உங்கள் ஊருக்கே உரிய அந்தக் கடைசிப் பகுதியை முழுசாக எடுங்கள், பாடினவர் பெயரையும் ஊரையும் எழுதிப் போடுங்கள். நூறு பேர் பார்த்தால் போதும்.

மறுநாள் நானே பெரியம்மை முன்னால் போனை வைத்து அந்தப் பகுதியைப் பாடச் சொன்னேன். குளத்தங்கரை வரைக்கும் வந்தாள், சட்டென்று நிறுத்தினாள். "விளக்கு வைக்காம இதுக்கு மேல பாடப்பிடாது மக்கா, அவ வந்துருவா."

2 நிமிஷம் 40 விநாடி. போனில் இருக்கிறது, இன்னும் எங்கேயும் போடவில்லை.