பழையது வேறு, முதலாவது வேறு

பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டு சிற்றூரிலுள்ள ஷாங்க்வைலர் அரங்கமே உலகின் முதல் டிரைவ்-இன் திரையரங்கம், அதாவது காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கம், என்று சொல்லப்படுவது சரியன்று. 1934 ஏப்ரலில் தொடங்கிய அது, இன்றும் இயங்குபவற்றுள் மிகப் பழையது. முதலாவதாகக் கொள்ளப்படுவது, ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933 ஜூன் 6 அன்று நியூ ஜெர்சியின் கேம்டன் அருகே திறந்த அரங்கமாகும். வீட்டு வாசலில் மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, காரின் முன்மூடிமேல் புரொஜெக்டரை வைத்து, மழையில் எப்படியிருக்கும் என்றறியத் தண்ணீர்த் தெளிப்பானையும் ஓடவிட்டுப் பார்த்தவர் அவர். முன்னால் நிற்கும் கார் பின்னாலிருப்பவரை மறைக்காதபடி முன்சக்கரங்களை உயர்த்தி நிறுத்தும் சரிவு மேடைகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். அவ்வரங்கம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதால்தான் இக்குழப்பம் நேர்ந்திருக்கும். 1955இல் டயான் புயலில் திரையும் புரொஜெக்டர் அறையும் சேதமடைந்த பின்னரும் மீண்டெழுந்த ஷாங்க்வைலருக்கு இரவல் பெருமை தேவையில்லை என்றே கருதுகிறேன்.